வெட்டி ஒட்டிய தம்பிமார்

சம்சாத் தன் சின்னத் தம்பியின் கழுத்தை நறுக்கிக்கொண்டிருந்தாள். காது வரைக்கும் வந்தாயிற்று. கத்தரிக்கோல் தலைமுடியைச் சுற்றி வளைந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் தஹ்மீனா கத்தினாள்.

"அம்மா, கை! தவுபிக் மாமா கை அங்கனயே இருக்கு!"

இருந்தது. கொடைக்கானல் ஏரிக்கரையில் எடுத்த படம் அது. பெரிய தம்பி ஃபரீத்தும் சின்னத் தம்பி தவுபிக்கும் தோளில் கை போட்டு நின்றிருந்தார்கள். இப்போது தவுபிக் முழுசாகப் போய்விட்டான். அவனுடைய வலது கை மட்டும் ஐந்து விரலும் மோதிரமுமாக ஃபரீத்தின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"பேய் பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கும்மா."

"சும்மா இருடி. அம்மா எதுக்கு இருக்கேன்?"

சம்சாத் பக்கத்திலிருந்த துண்டுத் தாள் குவியலுக்குள் கையை விட்டு, ஏதோ ஒரு காலண்டரில் மிஞ்சிய பச்சைக் கிளியை எடுத்தாள். வெட்டினாள். பசை தடவினாள். கையின் மேல் ஒட்டினாள். ஃபரீத் இப்போது தோளில் கிளியோடு ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியா? பசை இருந்தா உலகத்துல தீராத பிரச்சினையே கிடையாது."

சம்சாத் அதை மனசார நம்பினாள். அவள் கணவர் முகம்மது நூகு, சிவகாசி அச்சகங்களில் காலண்டரும் பட்டாசு லேபிளும் வெட்டியது போக மிஞ்சும் தாளை எடை போட்டு வாங்கி விற்கிறவர். வீட்டுக்கு வரும் மூட்டைகளில் நல்ல அட்டையாகப் பொறுக்கி, மடித்து, துளை போட்டு, ரிப்பன் கோத்து, உள்ளங்கை அளவுக்கு மினி ஆல்பம் செய்வாள் சம்சாத். ஒரு குடும்பம் போய் வந்த ஊர்கள், அவர்களுடைய பொழுதுபோக்குகள், குழந்தை வரைந்த படம், அருவியில் எடுத்த படம், பஸ் டிக்கெட் எல்லாம் அதில் அடங்கிவிடும். ராஜபாளையம், மதுரையிலிருந்து கூட ஆர்டர் வரும்.

ஆனால் இது ஆர்டர் இல்லை. தஹ்மீனாவின் கல்யாணம் இதில் மாட்டிக்கொண்டிருந்தது.

விருதுநகரில் மாப்பிள்ளை. பையனுக்குப் பிடித்திருந்தது. தஹ்மீனாவுக்கு அதைவிடப் பிடித்திருந்தது. பையனின் அம்மா சூலக்கரையில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறவர். அவர் முந்தின நாள் போன் செய்திருந்தார்.

"பொண்ணோட தாய்மாமன்மார் ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லைன்னு கேள்விப்பட்டேன். நான் ஒன்னும் நினைக்கல. வெள்ளிக்கிழமை உங்க வீட்டுக்கு வாரேன். ரெண்டு பேரையும் சேத்து ஒருக்கா பாத்துட்டா மனசுக்குத் திருப்தியா இருக்கும்."

'நான் ஒன்னும் நினைக்கல' என்று சொல்கிறவர்கள் எதையெல்லாம் நினைப்பார்கள் என்று சம்சாத்துக்குத் தெரியும்.

தம்பிமார் பிரிந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. அதற்கு முன்னால் வருஷா வருஷம் காலண்டர் சீசன் முடிந்ததும் மொத்தக் குடும்பத்தையும் சுற்றுலா கூட்டிப் போவது சம்சாத்தின் வழக்கம். அவள் நடத்துகிற சுற்றுலாவில் ஒழுங்கு தவறாது. விடியுமுன்னே வேன் புறப்படும். எல்லாரும் ஒரே நிறத்தில் உடுத்தியிருக்க வேண்டும். இறங்கச் சொல்ல ஒரு விசில், ஏறச் சொல்ல இரண்டு விசில். எந்த ஊரானாலும் எல்லாரும் வரிசையாக நின்று இடது காலைத் தூக்கியபடி ஒரு படம். அந்தப் படம் சரியாக அமைகிற வரைக்கும் சாப்பாட்டுத் தூக்கு திறக்கப்படாது. ஆல்பத்துக்கு அதுதான் அழகு. நூகுவுக்கு மட்டும் ஒருமுறைகூட வரக் கொடுத்து வைக்கவில்லை. சுற்றுலா அன்றைக்குப் பார்த்து அவருக்கு எங்கிருந்தாவது ஒரு லோடு வந்துவிடும்.

கடைசியாகக் குற்றாலம் போனபோதுதான் அது நடந்தது. ஐந்தருவியில், காய்ந்த துண்டை யார் நனைத்தது என்று ஃபரீத்துக்கும் தவுபிக்கும் வாய்த்தகராறு. ஒரு துண்டுக்காக இருவரும் கத்தின கத்தலில் குரங்குகள் மரத்துக்கு மேலே ஏறிவிட்டன. பாதிச் சுற்றுலாவிலேயே ஆளுக்கொரு பஸ் பிடித்து ஊர் திரும்பினார்கள். அன்றோடு பேச்சு நின்றது. அன்றோடு சுற்றுலாவும் நின்றது.

"பழைய படங்களைப் பாத்தா கல்லும் கரையும்," என்றாள் சம்சாத். "ஆளுக்கு ஒரு ஆல்பம். ஆனா எடுத்த எடுப்புல எதிராளி மூஞ்சியைக் காட்டக் கூடாது. முதல்ல மனசு இளகட்டும்."

அதனால் ஒவ்வொரு படத்திலும் இரண்டு பிரதி எடுத்தாள். ஒன்றில் தவுபிக் போனான். இன்னொன்றில் ஃபரீத் போனான். போன தலைகளை மட்டும், பின்னால் தேவைப்படும் என்று, ஒரு டிபன் மூடியில் போட்டு வைத்தாள்.

"விட்டுரு சம்சாத்து," என்றார் நூகு, மூட்டைக்குப் பின்னாலிருந்து. "அவங்க போக்குல விட்டுரு."

"உங்களுக்கு எடை போடத்தான் தெரியும். ஒட்டத் தெரியாது."

ஃபரீத் பட்டாசு லேபிளுக்கு ஆர்டர் பிடிக்கிற ஏஜென்சி வைத்திருந்தான். சம்சாத் போய் ஆல்பத்தை நீட்டியதும், எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ சொல்லி, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"அக்கா, இது என்ன தோள்ல கிளி?"

"அன்னைக்கு அங்கன கிளி வந்துச்சு. உனக்கு மறந்திருக்கும்."

அடுத்த பக்கம் படகுச் சவாரி. துடுப்புப் போட்ட தவுபிக்கை எடுத்தாயிற்று. துடுப்பு எடுக்க வரவில்லை.

"துடுப்பு தானாப் போகுதேக்கா?"

"அதுக்குப் பேருதான்லே கலை."

அதற்கடுத்தது 'என் பொழுதுபோக்கு' என்று தலைப்புப் போட்ட பக்கம். கீழே நாலைந்து தபால்தலைகள்.

"நான் தபால்தலை சேத்தது நாலாங்கிளாஸ்ல."

"அப்ப இப்போ உன் பொழுதுபோக்கு என்ன? ஞாயித்துக்கிழமை என்னதான் செய்யிற?"

"சும்மாதான்... தூங்குவேன்."

ஃபரீத் சட்டென்று திரும்பிக்கொண்டான். கழுத்துத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் இரண்டும் குலுங்கின. சம்சாத் நாற்காலியை அவன் பக்கமாக இழுத்துப் போட்டாள். பசை வேலை செய்கிறது.

"அழுவாதலே. கூடப் பொறந்த ரத்தம் எங்க போயிரும்? கடைசிப் பக்கத்தைப் பாரு."

கடைசிப் பக்கம் வெறுமையாக இருந்தது. மேலே மினுமினுக்கும் எழுத்தில் 'வால்பாறை' என்று மட்டும் ஒட்டியிருந்தாள்.

"இது எதுக்கு?"

"நீயும் அவனும் பேசிட்டா, நிக்காஹ் முடிஞ்ச மறுவாரமே எல்லாரும் வால்பாறை. வேனுக்குப் போன்ல சொல்லிட்டேன். முழுசா மூணு நாள். இந்தத் தடவை எல்லாருக்கும் ரோஸ் கலர்."

தோள் குலுங்குவது நின்றது. ஃபரீத் துண்டை எடுத்தபோது முகம் இறுகிப்போயிருந்தது.

"அக்கா, தஹ்மீனா கல்யாண வேலை அம்புட்டையும் இழுத்துப் போட்டுச் செய்யுறேன். விருந்துல அவன் தட்டுல நானே கறி வைக்கேன். ஆனா அவன் கூட ஒரே வண்டியில மட்டும் ஏற மாட்டேன். அது என் மானப் பிரச்சினை."

சம்சாத் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தாள். கறி வைப்பானாம், வண்டியில் ஏற மாட்டானாம். பகை எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கிறது! ஆனால் தப்பு எங்கே என்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. தம்பியைக் காட்டாமல் தம்பி மேல் எப்படிப் பாசம் வரும்? தவுபிக்கின் ஆல்பத்தில் ஃபரீத் கட்டாயம் இருக்க வேண்டும்.

"வெட்டின ஃபரீத் மாமா தலைகளை எடுடி," என்றாள் மகளிடம். "திரும்ப ஒட்டிருவோம்."

பக்கங்களைத் தரையில் பரப்பி, எல்லாவற்றிலும் பசை தடவி, டிபன் மூடியைப் பக்கத்தில் வைத்த நேரத்தில் நூகு வெயிலிலிருந்து உள்ளே வந்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே ஃபேன் சுவிட்சைத் தட்டினார்.

வீடு முழுக்க ஃபரீத் பறந்தான். ஒரு ஃபரீத் ஜன்னல் கம்பியில் ஒட்டினான். ஒரு ஃபரீத் நூகுவின் வியர்த்த நெற்றியில் உட்கார்ந்தான். ஒருவன் புளிக்குழம்பில் விழுந்து, மேலே பார்த்துச் சிரித்தான்.

"ஃபேனை நிறுத்துங்க! ஏ தஹ்மீனா, மாமாவைப் பிடி!"

பிடித்தார்கள். பசை காய்வதற்குள் அவசர அவசரமாக ஒட்டினார்கள். பக்கங்களை அடுக்கி, மேலே அரிசி டின்னைத் தூக்கி வைத்து அழுத்தினாள் சம்சாத். ஒரு தலை மட்டும் கணக்கில் வரவில்லை. குழம்பில் போனதாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அது குழம்பில் போகவில்லை. அடுத்த நாள் சம்சாத் கொண்டுபோய்க் கொடுத்த ஆல்பத்தைத் தவுபிக் தன் லாரி புக்கிங் ஆபீஸில் திறந்தபோதுதான் அது எங்கே போயிருந்தது என்று தெரிந்தது.

கொடைக்கானல் குதிரைச் சவாரி. தவுபிக் குதிரை மேல் கம்பீரமாக உட்கார்ந்திருந்தான். பறந்து வந்து பசையில் விழுந்த தலை, அளவு எடுத்து வைத்த மாதிரி, குதிரை முகத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. கடிவாளம் கட்டிய ஃபரீத் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

தவுபிக் ஒரு நொடி பார்த்தான். பிறகு மேஜையில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சம்சாத் படத்தை எட்டிப் பார்த்தாள். ஒரு கணம் திகைத்தாள். ஆனால் திகைத்து நிற்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"சிரிச்சிட்டலே! அண்ணனைப் பாத்ததும் சிரிச்சிட்ட! கோவம் போயிருச்சு. இனி என்ன, மறுவாரமே வால்பாறைதான்!"

தவுபிக்கின் சிரிப்பு விளக்கை அணைத்த மாதிரி அணைந்தது.

"சிரிக்கலக்கா. இருமல்."

"கண்ணுல தண்ணி வருதே?"

"வயித்தெரிச்சல்! எனக்கும் அவனுக்கும் ஆகாதுதான். அதுக்காக என் கூடப் பொறந்தவனை மிருகமாக்கி, அது மேல என்னை உக்கார வைப்பியா? இதைப் பாத்த பொறவு நான் எந்த மூஞ்சியோட அவன் கூட ஒரே வண்டியில ஏறுவேன்? கல்யாணத்துக்கு வாரேன். வண்டியில மட்டும் ஏற மாட்டேன்."

"அது குதிரை இல்லலே, பனிமூட்டம்..."

"பனிமூட்டத்துக்கு எங்கக்கா வாலு?"

சம்சாத் தெருமுனையைக் கூடத் தாண்டியிருக்க மாட்டாள். போன் அடித்தது. ஃபரீத்.

"என்னைக் குதிரையாக்கிட்டியாமே?"

"உனக்கு யாருலே சொன்னா?"

"யாரோ சொன்னாக. அதை விடு. நம்ம குடும்பத்துல எனக்கு மரியாதை இருக்கா, இல்லையா? இனி வண்டி, வேன்னு யாரும் என்கிட்ட பேசப்படாது!"

சிவகாசியில் சேதி பரவுகிற வேகத்தை நினைத்துச் சம்சாத்துக்கு ஆச்சரியமாக இருந்தது. எதிர்க் கடை டீ மாஸ்டர் மேல்தான் அவளுக்குச் சந்தேகம்.

வியாழக்கிழமை தஹ்மீனா சாப்பிடவில்லை. தட்டில் சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள்.

"அவுக அம்மா ரொம்பக் கண்டிப்புன்னு அவர் சொல்லியிருக்காரும்மா. ஒருக்கா வேண்டாம்னு சொல்லிட்டா, அப்புறம் மாத்த மாட்டாகளாம்."

சம்சாத் மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"சோத்தைத் தின்னுடி. நாளைக்கு ரெண்டு பேரையும் ஒரே அறையில உக்கார வைக்கேன். உங்கம்மாவால முடியாதது ஒன்னு இருக்கா?"

இரண்டு ஆல்பத்தையும் திரும்ப வாங்கி, பிரித்து, ஒன்றாகக் கோத்து ஒரே ஆல்பமாக்கினாள். ஃபரீத்துக்குப் போன் செய்து, தவுபிக் லோடு விஷயமாகத் தாயில்பட்டி போகிறான், நீ மட்டும் வா என்றாள். தவுபிக்குக்குப் போன் செய்து, ஃபரீத் மதுரைக்குப் போகிறான், நீ மட்டும் வா என்றாள். குதிரையை மாற்ற நேரமில்லை. அதற்குள் வெள்ளிக்கிழமை விடிந்து, விருந்துக்குக் கறி வாங்க மட்டன் கடை திறந்துவிட்டது.

ஜும்மா முடிந்து யாரும் வருவதற்குள் மாப்பிள்ளையின் அம்மா வந்துவிட்டார். ஸலாம் சொல்லி உட்கார்ந்து, சர்பத்தில் ஒரு வாய் குடித்து, வீட்டைச் சுவர் சுவராகப் பார்த்தார். அப்போது ஜும்மா முடிந்து நூகு வந்தார்; பின்னாலேயே ஃபரீத் உள்ளே வந்தான். அவன் செருப்பைக் கழற்றிய சூட்டோடு தவுபிக்கும் வந்தான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அக்காவைப் பார்த்தார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த புது ஆளை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

"இவன் இருக்கிற வீட்டுல எனக்கு என்ன வேலை?" என்றான் தவுபிக்.

"குதிரை வந்திருக்குலே. லாடம் கட்ட வந்தியா?" என்றான் ஃபரீத்.

"துண்டை நனைச்ச பயதான நீ!"

"நனைச்சது நீ! அஞ்சருவியே சாட்சி!"

சர்பத் டம்ளர் டக்கென்று மேஜையில் வைக்கப்பட்டது. மாப்பிள்ளையின் அம்மா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எழுந்திருப்பதற்கு முந்தின கட்டம் அது. கதவோரம் நின்ற தஹ்மீனாவின் முகம் வெளுத்தது. நூகு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

சம்சாத் கலகலவென்று சிரித்தாள்.

"உக்காருங்க மதினி! பயந்துட்டீகளா? இது நாடகம். நீங்க வாரீகன்னு ஒத்திகை பாக்காங்க. எங்க குடும்பத்துல இதுதான் பொழுதுபோக்கு."

"நாடகமா?"

"இந்தா ஆல்பமே இருக்கு. பாருங்க."

அந்த அம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அலுவலகக் கோப்பைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு பக்கமாக, விரலை வைத்துப் பார்த்தார். தோளில் கிளி. தானாகப் போகிற துடுப்பு. குதிரை வந்தது. விரல் அங்கே நின்றது.

"இதுல பெரியவர் குதிரை வேஷம் கட்டியிருக்காரா?"

"ஆமா மதினி. அச்சு அசலா ஓடுவான்."

ஃபரீத் வாயைத் திறந்தான். கதவோரம் பார்த்தான். தஹ்மீனாவின் கண் நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"கொஞ்சம் போலத்தான் மதினி. கனைக்க நல்லா வரும்."

"சரி, இந்த நாடகம் எப்படி முடியும்?"

"கட்டிப் பிடிச்சுக்கிருவாங்க," என்றாள் சம்சாத், தம்பிமாரைப் பார்த்துக் கண்ணை உருட்டி.

ஃபரீத் கையை விரித்தான். தவுபிக் வந்து விழுந்தான். "அண்ணே!" என்றான் ஒருவன். "தம்பி!" என்றான் இன்னொருவன். மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எம்புட்டு நல்ல குடும்பம்! எங்க வீட்டுல ஆளுக்கு ஒரு மூலையில போனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம். எனக்கு முழு சம்மதம். நாளைக் குறிச்சிருவோம்."

தஹ்மீனா உள்ளே ஓடினாள். நூகு சுவரிலிருந்து பிரிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சம்சாத் போனை எடுத்து, கட்டிப் பிடித்திருந்த தம்பிமாரை நாலு பக்கமிருந்தும் படம் எடுத்தாள். கால் தூக்கச் சொன்னாள். தூக்கினார்கள். ஆறு வருஷத்துப் பகையை மூன்று நாளில், வெறும் பசையால் தீர்த்தவள் இந்த ஜில்லாவில் வேறு யார்?

"நிக்காஹ் முடிஞ்ச மறுவாரம் எல்லாரும் வால்பாறை, மதினி!"

"நாங்களும் வாரோம்," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "ஒரு வேன் பத்தாது, ரெண்டாச் சொல்லிருங்க. மூணு நாள் எதுக்கு? ஒரு வாரமா இருந்துட்டு வருவோம்."

கட்டிப் பிடித்த கைகள் கட்டிப் பிடித்தபடியே இருந்தன. தவுபிக்கின் முகம் ஃபரீத்தின் தோளில் மெல்லப் புதைந்தது. பாசம் என்று சம்சாத் அதையும் ஒரு படம் எடுத்தாள்.

அந்த நேரம் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். வேன் ஓட்டுகிற பாண்டிராஜ். போனில் மட்டுமே பேசியிருந்தவர், எத்தனை பேர், எந்த வழி என்று நேரில் கேட்டுப் போக வந்திருந்தார். உள்ளே எட்டிப் பார்த்தவரின் முகம் மலர்ந்தது.

"அட, ரெண்டு அண்ணாச்சியும் இங்கனயா இருக்கீக? எக்கா, இவுகளை ஞாயித்துக்கிழமை தவறாம வெம்பக்கோட்டை அணைக்கு மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போறதே நான்தான். பாவம், இவுகளுக்கு ஒரு அக்கா இருக்காகளாம், டூர் டூர்னு கூப்பிட்டு உசிரை வாங்குவாகளாம், அவுககிட்ட இருந்து தப்பிக்கத்தான் ஆறு வருசமா சண்டை போட்ட மாதிரி நடிச்சிக்கிட்டு இருக்காக!"